கோட்டு வாங்காத டிபார்ட்மென்ட்

டாக்டர் மேல்படிப்புப் பரீட்சை ரேங்க் வந்த அன்று பெரியவள் பச்சைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் கவுனுக்கான துணி. மடிப்பு மேல் மடிப்பாக மேஜை நீளத்துக்கு விரித்து, மேலே அட்டையை வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டுப் பெரிய கத்தரியை உள்ளே விட்டால், அக்குள் வளைவு முடிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடி மடிப்பு நழுவிவிடும். அந்த வீட்டில் அந்தக் கத்தரியை அவளைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

"அக்கா, ரெண்டு பேருக்கும் வந்துடுச்சு" என்று சின்னவள் தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். கையில் போன். "பாப்பாவும் பாஸ். குண்டும் பாஸ்."

"யாரு முன்னாடி?"

சின்னவள் தயங்கினாள்.

"ரொம்ப வித்தியாசம் இல்லக்கா. குண்டு கொஞ்சூண்டு முன்னாடி இருக்கா."

"நல்லது" என்றாள் பெரியவள். "ஸ்வீட் வாங்கிட்டு வரச் சொல்லு."

சொன்ன பிறகுதான் கீழே பார்த்தாள். கத்தரி கோட்டை விட்டு ஒரு விரல் அகலம் உள்ளே போயிருந்தது. அத்தனை மடிப்பிலும் ஒரே மாதிரி. அந்த வாரம் போன கவுன்கள் எல்லாவற்றிலும் இடது அக்குளில் ஓர் ஒட்டுத்துணி இருந்தது. ஆஸ்பத்திரியில் அதைப் புது மாடல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு மகள், எல்லாருக்கும் ஒரே வீடு. கீழ்த்தளமும் அதை ஒட்டிய தகரக் கொட்டகையும் முழுக்கத் துணிதான். டாக்டர்களுக்குக் கோட்டு, தியேட்டருக்குக் கவுன், தலைக்குல்லாய், கட்டில் விரிப்பு என்று ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டியதைத் தைத்துக் கொடுப்பது தொழில். பெரியவள் வெட்டுவாள். சின்னவள் தைப்பாள். பெரியவர் மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போவார். எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டர் வாங்கி வரப் பெரியவளும் கூடப் போவாள். சின்னவரும் ஒரு காலத்தில் மூட்டை ஏற்றியவர்தான். ஏணியோடு விழுந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை. பின்கட்டு அறையில் படுத்திருக்கிறார். ஒரே பக்கமாகப் படுத்தால் முதுகு புண்ணாகிவிடும் என்று ராத்திரியில் எழுந்து எழுந்து அவரைப் புரட்டிப் போட வேண்டும். அதைச் செய்வது குண்டு.

குண்டு என்பது சின்னவளின் மகள். பிறந்தபோது கன்னமும் தொடையுமாக இருந்ததால் வந்த பெயர். இப்போது ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறாள், பெயர் மட்டும் மெலியவில்லை. பாப்பா பெரியவளின் மகள். அவளும் டாக்டர் படிப்பை முடித்துவிட்டாள். இன்னும் பாப்பாதான்.

இரண்டும் ஒரே வருஷத்தில் பிறந்தவை. அங்கேதான் வினை. பாப்பாவுக்குச் சைக்கிள் வாங்கினால் முதலில் ஓட்டக் கற்றது குண்டு. பாப்பாவுக்கு டியூஷன் வைத்தால், அவள் சொல்லக் கேட்டே அதிக மார்க் வாங்கியது குண்டு. பாப்பா அதற்கெல்லாம் சிரிப்பாள். பெரியவளால் சிரிக்க முடியாது. வயிற்றில் ஏதோ ஒன்று மெதுவாகக் காந்தும், அடுப்பை அணைத்த பிறகும் சட்டி அடியில் இருக்குமே, அந்த மாதிரிச் சூடு.

அன்று சாயங்காலம் பாப்பா மாடியில் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, மேல்படிப்புக்கு எனக்கு ஸ்கேன்தான்."

"இருட்டு ரூம்ல உக்காந்து படம் பார்க்கறதா?"

"ஆமா. எங்க போனாலும் வேலை இருக்கு. இப்பல்லாம் புதுசா ஆஸ்பத்திரி கட்டினா முதல்ல மிஷின்தான் வாங்கறாங்க. அப்புறம்தான் கட்டிலே வாங்கறாங்க."

"அப்ப அதையே எடுத்துக்கோயேன்."

"குண்டும் அதைத்தான் பார்த்துட்டிருக்கா. பகல்ல போனமா, சாயங்காலம் வந்தமான்னு இருக்கும், ராத்திரி டூட்டி அவ்வளவா கிடையாது. சித்தப்பாவைப் பார்த்துக்கணும்ல அவளுக்கு." பாப்பா துண்டை உதறினாள். "எங்க ரேங்க் வர்றப்ப நம்ம காலேஜ்ல ஸ்கேன் சீட்டு ஒண்ணு மிஞ்சியிருந்தாலே அதிசயம். அவ எனக்கு முன்னாடி உள்ள போவா. எடுத்துப்பா."

"நீ?"

"மிஞ்சினதுல ஒண்ணு. மயக்க மருந்து இருக்கும். பரவால்லம்மா. என்னைவிட அவளுக்குத்தானே அது தேவை."

பரவாயில்லையாம். சைக்கிளுக்கும் பரவாயில்லை. மார்க்குக்கும் பரவாயில்லை. பெரியவள் கீழே இறங்கி வந்து, வெட்டிய துண்டுகளைத் தேவையில்லாமல் மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.

மறுநாள் நல்ல மழை. வேன் மேல் தார்ப்பாய் கட்டி மூட்டைகளைக் கொண்டுபோனார்கள். பெரியவர் இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை ஒதுக்கப் போனார். காலேஜ் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஸ்டோர்காரர் டீயில் பிஸ்கட்டை நனைத்து, அது முறிந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்ளும் வித்தையில் மும்முரமாக இருந்தார்.

"என்னம்மா, கவுன்ல கைக்கு அடியில ஏதோ புதுசா இருக்கே."

"பலத்துக்கு சார்."

"ஓ. நல்லாத்தான் இருக்கு."

ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டாக அடுத்த ஆர்டர் சொல்லிக்கொண்டு வந்தார். பிரசவ வார்டுக்குப் போன தடவையைவிட அதிகம். எலும்புக்காரர்கள் கவுனை மாவுக்கட்டில் குளிப்பாட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்கள், எல்லாமே புதிது வேண்டும். மயக்க மருந்துக்காரர்களுக்கு எத்தனை கொடுத்தாலும் போதவில்லை.

"ஸ்கேனுக்கு எத்தனை கோட்டு சார்?"

"அவங்களுக்கு வேணாம்."

"போன தடவையும் வேணாம்னீங்க."

"அதுக்கு முந்தின தடவையும்தான். நீங்க தைச்சுக் கொடுத்ததெல்லாம் அதோ மேல் தட்டுல தூங்குது பாருங்க."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் வெட்டி, சின்னவள் தைத்த வெள்ளைக் கோட்டுகள், உறை பிரிக்காமல், தூசி படிந்து கிடந்தன. அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

"ஏன் சார், அங்க வேலைக்கு ஆளே எடுக்கறதில்லையா?"

"ஆளு எங்கம்மா கிடைக்குது? விளம்பரம் போட்டுப் போட்டு ஓய்ஞ்சு போயிட்டாங்க. ஒரு ஸ்கேன் டாக்டரைப் பிடிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுது." இன்னொரு பிஸ்கட் உள்ளே போனது. "மிஷின் சூடாகக் கூடாதுன்னு ஏசி போட்டு வச்சிருக்காங்க பாருங்க, ஐஸ் பெட்டிதான். உங்க கோட்டு காத்தாட இருக்கு. அதைப் போட்டா பல்லு கிட்டிடும். எல்லாரும் வீட்லேருந்து ஸ்வெட்டர் கொண்டுவந்து மாட்டிக்கறாங்க. நீங்க கொஞ்சம் தடித்த துணியில, உள்ள லைனிங் வச்சு தைச்சுக் கொடுங்களேன், கண்டிப்பா வாங்குவாங்க."

புது ஆர்டர் ஒன்று தானாக வந்து மடியில் விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே துணி சாம்பிள் கேட்டிருப்பாள்.

"பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது வேன் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டே இருந்தது. துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. பெரியவர் பக்கம் ரோடு தெளிவாகத் தெரிந்தது, அவள் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பாதி போதும்.

ஏன் போதும் என்றால், அந்த வீட்டில் துணிக் கணக்கு என்று ஒன்று உண்டு. பெரியவள் கண்டுபிடித்தது. எந்த டாக்டருக்கு எவ்வளவு வேலை என்பதை அவள் துணியை வைத்துத்தான் சொல்வாள். துணி எங்கே கிழிகிறதோ அங்கே வேலை இருக்கிறது. புருஷனை விட்டு வாசல் தாண்டாத சின்னவளுக்கு வெளியுலகம் என்பதே அந்தக் கணக்குதான். அதை அப்படியே நம்புவாள்.

மத்தியானம் டீயோடு உட்கார்ந்தார்கள். பாப்பா வெளியே போயிருந்தாள். சின்னவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சின்னவள் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். குண்டு தரையில் உட்கார்ந்து கவுன்களை மடித்துக்கொண்டிருந்தாள். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம்.

"அக்கா, ஆஸ்பத்திரியில ஏதாவது விசாரிச்சீங்களா? எந்தப் படிப்புக்கு வேலை இருக்கு, எதுக்கு இல்லன்னு. இதுங்க ரெண்டும் போனை நோண்டி நோண்டி வேளைக்கு ஒண்ணு சொல்லுதுங்க."

"நான் என்னத்தக் கண்டேன். டாக்டருங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

"சும்மா சொல்லாதீங்க. முக்கு கிளினிக் மூடப்போகுதுன்னு ஊருக்கு முன்னாடி சொன்னது யாரு? துண்டு ஆர்டர் குறைஞ்சதை வச்சே சொன்னீங்களே."

குண்டு சிரித்தாள். "பெரியம்மா கணக்கு பேங்க்ல போட்ட மாதிரிம்மா. தப்பாது."

பெரியவள் டீயை ஊதினாள். ஆறிப்போன டீ.

"மயக்க மருந்துக்காரங்களுக்குக் கவுன் தைச்சு மாளல. எவ்வளவு கொடுத்தாலும் பத்தலையாம். எந்த ஆபரேஷன்னாலும் அவங்க இல்லாம கத்தி வைக்க முடியாதே."

"ஸ்கேனுக்கு?" என்றாள் சின்னவள்.

"அவங்க கோட்டே வாங்கறதில்ல."

"வாங்கறதில்லன்னா?"

"வாங்கறதில்லன்னா வாங்கறதில்லதான். போன தடவையும் இல்ல, அதுக்கு முந்தியும் இல்ல. நாம தைச்சுக் கொடுத்தது உறை பிரிக்காம தட்டுல கிடக்கு. நீ காலர் வச்சியே, அந்தக் கோட்டுங்கதான். என் கண்ணால பார்த்தேன்."

சின்னவளின் முகம் விழுந்தது. தான் வைத்த காலர் தூசியில் கிடப்பதற்கா, மகளின் படிப்புக்கா என்று சொல்ல முடியாது.

குண்டுவின் கை மடிப்பதை நிறுத்தியது. "பெரியம்மா, ஏன் வாங்கலன்னு கேட்டீங்களா?"

கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவள்தான் கேட்டாள். அதனால்தானே அவள் ரேங்க் முன்னால் நிற்கிறது. அதை நினைத்ததும் பெரியவளுக்கு அந்தப் பழைய சூடு வயிற்றிலிருந்து தொண்டைக்கு வந்தது. அந்தச் சூட்டிலேயே வாயும் திறந்தது.

"கேட்டேன். அந்த ஆளு எங்க வாயைத் திறந்தான்? பிஸ்கட்டைப் பார்த்துக்கிட்டிருந்தான்."

குண்டு ஒரு கவுனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இப்பல்லாம் படத்தை வெளியூருக்கு அனுப்பி, அங்கேருந்தே பார்த்துச் சொல்லிடறாங்களாம். கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுச் சொல்லுதுன்னும் பேசிக்கறாங்க. நான்தான் அதெல்லாம் சும்மான்னு நினைச்சேன். ஒருவேளை அதனால இங்க ஆளு குறைஞ்சிருக்குமோ?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றாள் பெரியவள். "எனக்குத் தெரிஞ்சது துணி."

"அப்ப மயக்க மருந்துதானா?" சின்னவள் பின்கட்டு அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "ராத்திரியெல்லாம் கூப்பிடுவாங்களேடி."

"கூப்பிடட்டும்மா. கூப்பிடறதுக்கு ஒரு வேலை இருக்கணுமில்ல முதல்ல. படிச்சு முடிச்சிட்டு வீட்ல உக்கார முடியுமா? அப்பாவுக்கு மாத்திரை வாங்கணும், உனக்குக் கண்ணாடி மாத்தணும். ராத்திரிக்கு ஏதாவது வழி பண்ணிக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. குண்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் தேய்த்து. அவளுக்கு எதையும் கோணலாக மடிக்கத் தெரியாது.

மறுநாள் பாப்பா குழம்பிப்போய் வந்தாள். "அம்மா, குண்டு ஸ்கேன் வேணாங்கறா. நீ ஏதோ சொன்னியாமே?"

"துணிக் கணக்குதானே சொன்னேன். அதை வச்சா டாக்டருங்க முடிவு பண்ணுவாங்க? உனக்குப் பிடிச்சிருக்கா இல்லையா?"

"பிடிச்சிருக்கு. ஆனா வேலை..."

"உனக்கென்ன அவசரம்? வீட்ல யாராவது பட்டினி கிடக்கறோமா? பிடிச்சதைப் படி."

பாப்பா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இப்படி ஒரு அம்மா யாருக்குக் கிடைக்கும் என்று சொன்னாள்.

சீட்டு எடுக்கிற நாளில் நான்கு பேரும் போனார்கள். பெரியவர் வீட்டில் தம்பிக்குத் துணை. பெரிய மண்டபம், வரிசையாக நாற்காலி, சுவரில் திரை. ஒவ்வொருவர் உள்ளே போய் வரும்போதும் திரையில் ஒரு இடம் மறைந்தது. தோல் முதலில் போனது. எலும்பு, குழந்தை எல்லாம் போயின. பக்கத்து நாற்காலி அம்மா ஒருத்தி ஒவ்வொரு தடவையும் தன் நகையே தொலைந்த மாதிரி உச்சுக் கொட்டினாள். ஸ்கேன் மட்டும் கடைசி ஒன்று, அசையாமல் நின்றது. பெரியவள் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தாள்.

குண்டு உள்ளே போனாள். போனவள் சீக்கிரம் வரவில்லை. பெரியவளின் விரல்கள் முந்தானை ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன. பிறகு திரையில் மயக்க மருந்து ஒன்று மறைந்தது. ஸ்கேன் நின்றது.

வெளியே வந்த குண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். "எடுத்துட்டேன்மா. ஸ்கேன் அப்படியே இருந்துச்சு. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னேன். அங்கிருந்தவர், சீக்கிரம் சொல்லும்மான்னுட்டார்."

இன்னும் சிலர் போன பிறகு பாப்பா போனாள். வந்தவள் அம்மாவிடம் வரவில்லை. நேராகக் குண்டுவிடம் ஓடிக் கட்டிக்கொண்டாள். "நீ விட்டதுதான்டி எனக்குக் கிடைச்சது."

பெரியவளுக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எப்படிக் குதிப்பது? வேலை கிடைக்காத படிப்பு கிடைத்ததற்கு யார் குதிப்பார்கள்? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். அந்தத் தொங்கலைப் பார்த்துச் சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்கக்கா. எல்லா டிபார்ட்மென்ட்டும் இப்படியே இருந்துடுமா? படிச்சு முடிக்கறதுக்குள்ள மாறிடும். அப்படி மாறலன்னாலும் குண்டு சம்பாதிக்கறது பாப்பாவுக்கு இல்லாமலா போயிடும்?"

அந்த ஆறுதல் பெரியவளைக் கத்தரியால் கீறியதுபோல் இருந்தது. இவள் மகள் சம்பாத்தியத்தில் என் மகளா?

அதோடு விட்டதா? வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் வாசலில் நின்று கேட்டார். "பாப்பா ஸ்கேன் எடுத்திருக்காமே. அதுல வேலை இல்லைன்னு சின்னம்மா சொல்லி வருத்தப்பட்டாங்க. நல்ல பொண்ணு, என்னங்க செய்யறது." பட்டன் கடைக்காரி ஒரு படி மேலே போனாள். "கவலைப்படாதம்மா, நம்ம கடையில கல்லாவுல உக்கார ஆளு தேவைதான்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பாப்பாவைப் பெண் கேட்டு ஜாடையாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டார் கொஞ்ச நாளாகப் போனை எடுப்பதில்லை.

ஒருத்தரிடம்கூட 'அடப் போங்க, ஸ்கேன் டாக்டருக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள்' என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஜெயித்த பந்தயத்தில் தோற்றவள் மாதிரி நடமாட வேண்டியிருந்தது.

இன்னொரு கூத்தும் நடந்தது. குண்டு படிப்பில் சேர்ந்து கொஞ்ச காலம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊரில் இருக்கிற சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்து விசாரிப்பு வந்தது. "படிச்சு முடிச்சதும் எங்ககிட்டதான் வரணும் டாக்டர்." சின்னவள் மிஷினை மிதித்துக்கொண்டே இதையெல்லாம் சொல்வாள். "நீங்க சொன்ன மாதிரியே அக்கா. உங்க கணக்கு உங்க கணக்குதான்." பெரியவள் கேட்டுக்கொண்டே வெட்டுவாள். பாப்பாவுக்கு ஒரு போனும் வரவில்லை. தானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் நல்லதைக் குண்டுவுக்குக் கொடுத்துவிட்டோமோ என்று ஒரு நாள் தோன்றியது. மகளுக்காகப் பிடுங்கியதும் பொறுக்கவில்லை, அடுத்தவளுக்கு விட்டதும் பொறுக்கவில்லை.

குண்டுவுக்கு ராத்திரி டூட்டி ஆரம்பித்தது. காலையில் வருவாள், துணிமூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். மகள் தூங்கட்டும் என்று சின்னவள் அந்த நேரத்தில் மிஷினைத் தொட மாட்டாள், கையால் பட்டன் தைப்பாள். பின்கட்டு அறையில் ராத்திரி வேலை முழுக்க இப்போது சின்னவள் தலையில். காலையில் அவள் பக்கத்தில் போனாலே வலித்தைலம் வாசனை அடிக்கும். குனிந்தால் நிமிர ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொள்வாள். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஊசி விரலில் இறங்கி, வெள்ளைக் கோட்டில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

"துவைச்சுடறேன்கா" என்றாள்.

"சரி" என்றாள் பெரியவள். கத்தரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெயில் காலம் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் உட்கார முடியாது. மின்விசிறி சுழற்றுவதும் அனல்தான். குண்டுவுக்கு அன்று விடுமுறை, உள்ளே அப்பாவுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் வெட்டு மேஜையில், சின்னவள் மிஷினில்.

பாப்பா உள்ளே வந்தாள். வந்தவள் அந்த அனலில் நின்று கையைத் தேய்த்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, முதல்ல எனக்கு ஒரு சூடா டீ."

"இந்த வெயில்லயா?"

"ஸ்கேன் ரூம்தான் ஐஸ் பெட்டியாச்சே. இவ்வளவு நாளா ஒரு மேடம் ஸ்வெட்டரைத்தான் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டிருந்தேன். அவங்களுக்கு மாத்தல் வந்துடுச்சு, ஸ்வெட்டரும் போயிடுச்சு." தும்மினாள். "சித்தி, எனக்குத் தடித்த துணியில ஒரு கோட்டு தைச்சுக் கொடுங்களேன். உள்ள லைனிங் வச்சு, கை நீளமா. நீங்க தைச்ச இந்த மெல்லிசுக் கோட்டை எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தரும் போடறதில்ல. தொடறதே இல்ல. எல்லாரும் ஸ்வெட்டர்தான்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஓடவில்லை.

சின்னவள் திரும்பவில்லை. ஊசிக்குக் கீழே இருந்த துணியைப் பார்த்தபடி கேட்டாள். "ஒருத்தரும் போடறதில்லையா?"

"ம்ஹூம். ஸ்டோர்லேருந்து அனுப்பினாலும் திருப்பிடுவாங்க. ஆமா சித்தி, அங்க இன்னும் ரெண்டு டாக்டர் வேணுமாம், கிடைக்கவே மாட்டேங்கறாங்களாம். எங்க சார் தினம் புலம்பறார். நீங்கதான் வேலை இல்ல, வேலை இல்லன்னு எனக்காக அழுதீங்க." பாப்பா சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். "அந்த ஸ்டோர் அங்கிள்தான் சொன்னார், உங்கம்மாகிட்டயே தடித்த கோட்டு தைக்கச் சொன்னேனே, தைக்கலையான்னு. அம்மா, மறந்துட்டியா?"

உள் அறையிலிருந்து சவரக் கத்தியைத் தண்ணீரில் அலசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

பாப்பா ஒருத்தர் முகத்தை மாற்றி ஒருத்தர் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அம்மாவின் முகத்தில் வந்து நின்றபோது அதில் சிரிப்பே இல்லை.

"அம்மா" என்றாள். "நீ இவங்ககிட்ட என்ன சொன்ன?"

பெரியவள் வாயைத் திறந்தாள். துணி என்று சொல்ல வந்தது.

குண்டு அறை வாசலில் வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை. பெரியம்மாவை ஒரு தடவை பார்த்தாள். அன்று கேட்ட கேள்விக்கு இன்று பதில் வந்துவிட்டது என்பதுபோல் தலையை லேசாக அசைத்துவிட்டு, பாதி மழித்த முகத்தோடு அப்பா காத்திருக்கிறார் என்று உள்ளே போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பெரியவள் பதிலுக்கு நான்கு திட்டிப் பிழைத்திருப்பாள்.

சின்னவள் எழுந்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எழுந்தாள். அலமாரியில் மேல் தட்டிலிருந்து தடித்த வெள்ளைத் துணியை இறக்கினாள். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாப்பாவிடம் போனாள்.

"கையை நீட்டுடா தங்கம். குளிர்ல நிக்கற புள்ள, மணிக்கட்டைத் தாண்டி இருக்கட்டும்."

"சித்தி, நான்..."

"நீ என்ன பண்ணுவ? நேரா நில்லு."

தோள், மார்பு, கை, முதுகு. துணியை மேஜைக்குக் கொண்டுவந்து பெரியவளுக்கு எதிரே விரித்தாள். சுருக்கம் நீவினாள். அட்டை வைக்கவில்லை. வெறும் சாக்கட்டியால் ஒரே இழுப்பில் கோடு போட்டாள்.

பிறகு கையை நீட்டினாள். "கத்தரியைக் குடுங்கக்கா."

"நான் வெட்டித் தரேன்" என்றாள் பெரியவள்.

"குடுங்க."

கொடுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சின்னவள் கையில் அந்தக் கத்தரியை அவள் பார்த்ததில்லை. அது துணிக்குள் இறங்கியது. அக்குள் வளைவில் நிற்கவில்லை, தயங்கவில்லை. தண்ணீர் இறங்குவது போலப் போய்த் தோளில் முடிந்தது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. தினம் தினம் தான் வெட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், அதில் இருந்த கோணல்களையெல்லாம் தையலில் மறைத்துக்கொண்டிருந்தவள் இவள் என்று பெரியவளுக்கு அந்த வளைவைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. அந்த நிலையிலும், வயிற்றில் அந்தப் பழைய சூடு ஒரு தடவை எழுந்து அடங்கியது.

சின்னவள் வெட்டிய துண்டுகளை அடுக்கினாள். கை, முன்பக்கம், முதுகு, காலர். அடுக்கி, மேஜையில் பெரியவள் பக்கமாகத் தள்ளினாள்.

"தைங்க."

"நானா? எனக்குக் காலர் வைக்க வராதே."

"மிஷின் சும்மாதான் இருக்கு. உக்காருங்க. எனக்கு இடுப்பு வலிக்குது."

பெரியவள் போய் மிஷினில் உட்கார்ந்தாள். முக்காலியில் இன்னும் சின்னவளின் சூடு இருந்தது. மிதிகட்டையை மிதித்தாள். ஊசி தடதடவென்று ஓடித் தடித்த துணியில் முட்டி, வழுக்கி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பாப்பா தான் கேட்ட டீயை மறந்துவிட்டு, அங்கிருந்து போகவும் மனசில்லாமல் சுவரோரம் நின்றாள். தைத்து முடித்துக் காலரைத் தூக்கிப் பார்த்தால், ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயுமாகக் கோணிக்கொண்டு நின்றது.

சின்னவள் வாங்கிப் பார்த்தாள். பிறகு சின்னக் கத்தரியையும் சேர்த்து அவள் மடியில் வைத்தாள்.

"பிரிச்சுட்டு மறுபடி தைங்கக்கா" என்றாள்.

அந்த 'அக்கா'வில் மட்டும் ஒரு குறையும் இல்லை. எப்போதும் போலவே இருந்தது. பெரியவள் தலையைக் குனிந்து முதல் தையலைப் பிரித்தாள்.